மாடித் தோட்டத்தை இரண்டாம் முறை தொடங்குகிறோம். முதலில் எதைச் செய்ய வேண்டும்?

மேடவாக்கம் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னை மேடவாக்கத்தில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய சொந்த வீட்டில் நானும் கணவரும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் வசிக்கிறோம். மொட்டை மாடியில் நாள் முழுதும் வெயில் படும் இடம் சுமார் 400 சதுர அடி இருக்கிறது. கீழே மதில் சுவரையொட்டி மூன்றடி அகலத்துக்கு மண் தரையும் உண்டு. வீட்டிலிருந்து தினமும் வெளியேறும் குப்பையைக் குறைக்க வேண்டும், பிள்ளைகள் உண்ணும் கீரையாவது மருந்து படாததாக இருக்க வேண்டும், தண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்காமல் வாழப் பழக வேண்டும் என்ற எண்ணத்தில் சென்ற ஆண்டு மாசி மாதம் தோட்டம் போட்டோம். அது முழுவதும் அழிந்துவிட்டது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் இருபத்தைந்து பைகளையும் தென்னைநார்க் கழிவுக் கட்டிகளையும் மொத்தமாக வாங்கினோம். மண்ணே தேவையில்லை, கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து நிரப்பினால் போதும் என்று கடையில் சொன்னதை நம்பி அப்படியே செய்து, தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை நட்டோம். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீர் வீணாகப் போகிறதே என்று குழாய் போட்டுப் பிடித்து, அதையே செடிகளுக்கு ஊற்றினோம். பங்குனிக் கடைசியில் இலைகளின் ஓரம் தீயில் வாட்டியதுபோல் பழுப்பாகிச் சுருண்டது. பைகளின் வாயிலும், தண்ணீர் சொட்டிய தரையிலும் வெள்ளையாக ஏதோ படிந்தது. சித்திரை முடிவதற்குள் ஒரே ஒரு மிளகாய்ச் செடியைத் தவிர எல்லாம் காய்ந்தன.

இப்போது ஆனி பிறந்திருக்கிறது. ஆடிப் பட்டத்தை விடக் கூடாது என்கிறார் மாமியார். தவறு எங்கே நடந்தது, எத்தனை பைகளுடன் மறுபடி தொடங்கலாம், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் தோட்டத்துக்கு நீர் எங்கிருந்து வரும், காய்கறிச் செலவு உண்மையிலேயே குறையுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். மாடி ஒழுகிவிடும் என்ற அச்சம் கணவருக்கு இருக்கிறது. அதற்கும் விடை வேண்டும்.

நங்கநல்லூர் மாடித்தோட்டம் எழுதியது:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் செடிகளைக் கொன்றது வெயிலோ பூச்சியோ இல்லை, உப்பு என்றே நினைக்கிறேன். பையின் வாயில் படிந்த வெள்ளை அதற்குச் சாட்சி. மேடவாக்கம் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல வீடுகளில் உப்பாக இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் மூன்று லிட்டர் சென்று ஒரு லிட்டர் குடிநீர் வெளிவருவதாக வைத்துக்கொண்டால், அந்த மூன்று லிட்டரில் இருந்த உப்பில் பெரும்பகுதி மீதி இரண்டு லிட்டரில் சேர்ந்துவிடுகிறது. கிணற்று நீரைவிட ஒன்றரை மடங்கு உப்பான நீரை நீங்கள் தினமும் ஊற்றியிருக்கிறீர்கள். தென்னைநார்க் கழிவிலும் இயல்பாகவே உப்பு உண்டு. மட்டையை எங்கே, எந்த நீரில் ஊறப்போட்டார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும். இரண்டும் சேர்ந்து வேரைப் பொசுக்கிவிட்டன. நல்ல எண்ணத்தில் செய்தது இப்படி முடிந்ததில் எனக்கும் வருத்தம்தான். அந்த நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், வீணாகாது.

பழைய நார்க்கழிவைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு டிரம்மில் கொட்டி, உப்புக் குறைந்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து வடியுங்கள். இதையே மூன்று முறை செய்தால் பெரும்பாலான உப்பு இறங்கிவிடும். அதன்பின் அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு என்று கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, பத்து நாள் நிழலில் ஈரமாக வைத்திருந்துவிட்டுச் செடி வையுங்கள். வெறும் நார்க்கழிவில் சத்து இல்லை. அது நீரைப் பிடித்துவைக்கும், அவ்வளவே.

அந்த மட்கிய உரம் எங்கிருந்து வரும் என்பதில்தான் உங்கள் முதல் வேலை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. விதை வாங்குவதற்கு முன் உரப்பானை வையுங்கள். இரண்டு மண்பானைகளோ, இருபது லிட்டர் பெயிண்ட் வாளிகளோ எடுத்து, பக்கத்திலும் அடியிலும் துளையிட்டு, அடியில் சருகு பரப்புங்கள். காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றை ஒரு கை போட்டால் அதன்மேல் இரண்டு கை காய்ந்த சருகைத் தூவி மூட வேண்டும். சருகுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தெருவில் கூட்டிக் குவித்துக் கொளுத்தப்படும் வேப்பஞ்சருகை இரண்டு சாக்கில் அள்ளிவந்தால் இரண்டு மாதத்துக்குப் போதும். முதல் நாள் ஒரு குவளை புளித்த மோரைத் தெளித்துவிடுங்கள். வாரம் இரு முறை கிளறுங்கள். எண்ணெய்ப் பதார்த்தங்களையும் எலும்பையும் போடாதீர்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் சருகு போட்டால் அடங்கும். முதல் பானை நிறைந்ததும் அதை மூடி ஒதுக்கிவைத்து, இரண்டாவதில் தொடங்குங்கள். ஒதுக்கிவைத்த நாளிலிருந்து நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில், கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும், கறுத்த, முதல் மழையின் மண் வாசனையுள்ள உரம் கிடைக்கும். உங்கள் வீட்டுக் குப்பைக் கூடை பாதி எடை குறைந்திருப்பதை முதல் வாரத்திலேயே காண்பீர்கள். தோட்டம் பலிக்காத மாதத்திலும் இந்தப் பயன் நிற்கும்.

எண்ணிக்கையில் பத்துப் பையைத் தாண்ட வேண்டாம். பாதிக்குக் கீரை. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழையும். பொன்னாங்கண்ணியும் புதினாவும் கடையில் வாங்கிய கட்டின் தண்டை ஊன்றினாலே வேர்விடும். கீரைக்கு அரையடி ஆழமும் நல்ல அகலமும் உள்ள பை போதும். கீரை விதை மிகச் சிறியது என்பதால் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை மட்டும் இடுங்கள். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவதுண்டு. எங்கள் வீட்டில் பையைச் சுற்றிக் கொஞ்சம் ரவையைத் தூவிவிடுவோம், அது அதை எடுத்துக்கொண்டு போய்விடும். மீதிப் பைகளில் வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய் வையுங்கள். தக்காளியை இப்போது தொடாதீர்கள். மாசியில் நட்டது பூக்கும் வேளையில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிடுகிறது, பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். இப்போது நட்டாலோ ஐப்பசி மழையில் அழுகும். கார்த்திகைக் கடைசியில் நாற்றுவிட்டு மார்கழியில் நட்டால் மாசியில் நன்றாகக் காய்க்கும்.

நீரைப் பற்றி: அரிசி, பருப்பு, காய்கறி கழுவும் நீரை ஒரு வாரம் வாளியில் பிடித்து அளந்துபாருங்கள். ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர் சேர்கிறது. மார்கழியில் ஒரு பைக்கு அரை லிட்டர் போதும், சித்திரையில் ஒன்றரை லிட்டர் கேட்கும். பத்துப் பையும் பன்னிரண்டு லிட்டரும் ஏறக்குறையப் பொருந்திவிடுகின்றன. அந்த நீரை அன்றன்றே ஊற்றிவிட வேண்டும், மறுநாள் வைத்தால் புளித்து நாறும். பையின் மேல் இரண்டு அங்குலம் சருகு மூடாக்குப் போட்டால் நீர்த் தேவை கண்ணுக்குத் தெரியக் குறையும். கோடையில் ஆறு பைக்குச் சுருக்கி, கொடிப்பசலை, வெண்டை போன்ற வெயில் தாங்கிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டாயம்: பைக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாளில் அது கொசுவாகப் பறந்துவிடும். பிள்ளைகளுக்காகப் போடும் தோட்டம் பிள்ளைகளுக்கே நோய் தரக் கூடாது.

செலவைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். காயும் பழமும் சேர்த்து ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐவருக்கு இரண்டு கிலோ. எட்டு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் எங்கள் மாடி அதில் கால்பங்கைத் தாண்டியதில்லை. வெங்காயம், உருளை, கேரட் எல்லாம் கடையில்தான். ஆனால் கீரை, கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய் ஆகியவற்றை நாங்கள் காசு கொடுத்து வாங்கி வெகுநாளாகிறது. பூச்சிமருந்தின் எச்சம் குறித்துப் பெரும்பாலும் அஞ்ச வேண்டியவையும் இந்த இலைகளே, ஏனென்றால் இவற்றுக்குத் தோல் சீவ வழியில்லை.

திருச்சிப் பொறியாளர் எழுதியது:

வணக்கம். கட்டடத் துறையில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் கணவரின் அச்சத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ மேல்பாரம் என்று வைத்துத்தான் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வடிவமைக்கச் சொல்கிறது. உங்கள் 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். நனைந்த பை ஒன்று 15 கிலோ என்றால் நாற்பது பை வைத்தாலும் 600 கிலோதான். பரவலாக வைத்தால் சதுர மீட்டருக்குப் பதினேழு கிலோகூட ஆகாது. பைகளால் ஆபத்தில்லை. ஆபத்து எதில் என்றால், செங்கல் கட்டி ஓரடி ஆழத்துக்கு மண் கொட்டிப் பாத்தி அமைப்பதில். ஓரடி ஆழ ஈரமண் சதுர மீட்டருக்கு 500 கிலோவை நெருங்கும். வடிவமைப்புப் பாரத்தைப்போல் மூன்று மடங்கு. அதேபோல் 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை ஒரே இடத்தில் உட்காருகிறது. மழைநீரைச் சேமிக்க நினைத்தால் தொட்டியைத் தரையில் வையுங்கள். உங்கள் மாடியின் அந்தப் பகுதியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 37 லிட்டர் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு மாலையில் 740 லிட்டர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் குழாய் அமைப்பு ஏற்கெனவே இருக்கும். அதிலிருந்து ஒரு கிளை பிரித்துத் தொட்டிக்கு விட்டாலே போதும். உப்பு நீர் உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல நீர் வேறில்லை.

ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் எடை இல்லை, தேங்கும் ஈரம். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்லின் மேலோ இரும்புத் தாங்கியின் மேலோ வைத்து, அடியில் காற்றும் விளக்குமாறும் புகும்படி விடுங்கள். இப்போதே, மழைக்கு முன், தட்டோடுகளின் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அடைத்துவிடுங்கள். மழைநீர் இறங்கும் குழாய் வாயில் வலை கட்டாவிட்டால் மண்ணும் சருகும் அடைத்து மாடியே குளமாகும். நான் பார்த்த ஒழுகல்களில் பாதி இப்படி வந்தவை. விரிசலில் அரசும் ஆலும் முளைத்திருந்தால் விரல் நீளத்திலேயே பிடுங்கிவிடுங்கள்.

கைப்பிடிச் சுவரின் மேல் எந்தத் தொட்டியையும் வைக்காதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் என்ன செய்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே பந்தல் கம்புகளை இறக்கிவிட வேண்டும்.

கோப்பாய், யாழ்ப்பாணம் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நாங்கள் கிணறும் செம்மண்ணும் உள்ள ஊர்க்காரர். உங்கள் மாடியின் சிரமம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் வீட்டுத் தோட்டம் ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை நாங்கள் உயிர்ப் பிரச்சினையாகக் கண்டவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டது. விவசாயிகளின் எதிர்ப்பால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடை நீக்கப்பட்டாலும் விளைச்சல் விழுந்துவிட்டது. அடுத்த ஆண்டு பொருளாதாரமே சரிந்து, எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அரச ஊழியர் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று 2022 நடுப்பகுதியில் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறைகூட விட்டார்கள். அந்த மாதங்களில் பலர் புதிதாகக் கத்தரியும் தக்காளியும் நட்டார்கள். எங்கள் வளவில் உண்மையாகச் சோறு போட்டவை அவை அல்ல. அம்மா பல வருடங்களுக்கு முன் வைத்த முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும், வேலியோரம் நின்ற மரவள்ளியும்தான். தேங்காய்ச் சம்பலோடு அவித்த மரவள்ளிக்கிழங்கும், முருங்கையிலை வறையும் சாப்பிட்டு எத்தனையோ இரவுகளைக் கடந்தோம். காய்கறிச் செடிக்கு மூன்று மாதப் பொறுமையும் தினப் பராமரிப்பும் வேண்டும். மரம் நெருக்கடி வரும்போது ஏற்கெனவே நிற்கிறது.

ஆகவே உங்கள் மதில் ஓரத்து மூன்றடி மண்ணை மாடியைவிட முக்கியமாகக் கருதுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு பப்பாளி அங்கே நிற்கும். முருங்கையைப் போத்து வெட்டி நடலாம். உங்கள் பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம். 1 விதையையும் ஊன்றலாம், அது முதல் ஆண்டிலேயே காய்க்கும். கன்று இரண்டரை அடி வளர்ந்தவுடன் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுக் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அடையும். பிள்ளைகளைக் கிட்ட விடாமல், அதிகாலையில் தீப்பந்தம் காட்டியோ சோப்பு நீரை விசிறி அடித்தோ அப்புறப்படுத்துங்கள். மரத்தையே வெட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது, நிலத்தில் இடுவது எல்லாம் கிணற்றுக்கு இறங்கும். பல பத்தாண்டுகளாக அளவுக்கு மிஞ்சி இட்ட உரத்தால் இன்று பல கிணறுகளில் நைத்திரேற்று (நைட்ரேட்) உப்பு கூடியிருக்கிறது. எங்கள் முன்னோர் காய்ந்த பனையோலையான காவோலையைத் துண்டுகளாக்கித் தோட்டத்தில் தாழ்த்துப் பயிர் செய்தார்கள். அந்த வழக்கம் குறையக் குறைய யூரியா கூடியது. பத்துப் பைதானே என்று யூரியாவைக் கையில் அள்ளாதீர்கள். நங்கநல்லூர்க்காரர் சொன்ன பானையே உங்களுக்குக் காவோலை.

மேடவாக்கம் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயிண்ட் வாளிகளுக்குத் துளையிட்டு உரம் போடத் தொடங்கி மூன்று வாரமாகிறது. அரிசி கழுவிய நீரை அளந்தோம். ஒன்பது லிட்டர் வருகிறது. வாளிக்குள் விரல் நுனியளவு பழுப்பு நிறப் புழுக்கள் நெளிவதைப் பார்த்து மாமியார் மிகவும் அருவருப்படைந்து, எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்கிறார். கொட்டிவிடலாமா? மேலும், ஆண்டுதோறும் விதை வாங்காமல் நாமே எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா?

ஒட்டன்சத்திரம் விதைக்காரர் எழுதியது:

கொட்ட வேண்டாம் அம்மா. அவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவை அவை வேகமாகத் தின்று மட்கச் செய்யும். வளர்ந்த ஈ நம் சோற்றிலோ பலகாரத்திலோ வந்து உட்காருவதில்லை. புழு மிகுந்திருப்பது ஈரம் மிகுந்திருப்பதைக் காட்டும். நான்கு கை சருகைக் கலந்து கிளறி, வாளியின் வாயைக் கொசுவலைத் துணியால் கட்டிவிடுங்கள். பெரியவர்களின் மனம் கோணாதபடி வாளியைச் சமையற்கட்டுப் பக்கமிருந்து மாடிக்கு மாற்றுங்கள்.

விதையைப் பொறுத்தவரை, பொட்டலத்தில் எஃப்1, அதாவது கலப்பின விதை, என்று அச்சிட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல் வராது. அதற்காகத்தான் நாட்டு ரகம் கேட்டு வாங்க வேண்டும். தொடங்குபவருக்கு வெண்டை, கொத்தவரை, தக்காளி எளியவை. தக்காளி தனக்குள்ளேயே மகரந்தம் சேர்க்கும் பயிர் என்பதால் ரகம் பெரிதாகக் கலப்பதில்லை. நன்கு பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு கிண்ணத்தில் பிழிந்து இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு நீங்கியதும் கழுவி, நிழலில் தட்டின்மேல் உலர்த்துங்கள். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். வெண்டையில் முதல் நல்ல செடியின் இரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டு, அவை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுங்கள். அதில் மஞ்சள் நரம்பு படர்ந்த இலை ஒன்றாவது இருந்தால் அந்தச் செடியை விதைக்கு வைக்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். வெள்ளை ஈ அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோய்விடும். பூசணி, சுரை, பீர்க்கு எல்லாம் தேனீ கலந்துவிடும் பயிர்கள், அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உலர்ந்த விதையைச் சாம்பலில் புரட்டிச் சிறு பாட்டிலில் அடைத்து, ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் பிள்ளைகளின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

மேடவாக்கம் வாசகி எழுதியது:

ஆவணியில் விதைத்த சிறுகீரையை நேற்றுப் பறித்தோம். இரண்டு பையில் ஒரு கடைசலுக்குச் சரியாக வந்தது. தப்பிப் பிழைத்த அந்த மிளகாய்ச் செடியைப் புதுக் கலவைக்கு மாற்றியதில் தளிர் விட்டிருக்கிறது. தண்டின் கணுக்களில் மட்டும் பஞ்சுபோல் மாவுப்பூச்சி தெரிந்தது. பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் தோய்த்துத் தேய்த்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய் கலந்து மாலையில் தெளித்திருக்கிறேன். மதில் ஓரத்தில் முருங்கைப் போத்து நட்டாயிற்று. முதல் வாளியின் உரத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை சலிக்கப்போகிறோம். சலித்து மிஞ்சும் கட்டிகளை இரண்டாம் வாளியிலேயே திரும்பப் போடலாம் என்று மாமியார் சொல்கிறார். வாளி இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது.